தைக்காத யானை

“அஞ்சு… ஆறு… ஏழு… எட்டு.”

மதீனா எண்ணும்போது யாரும் பேசக்கூடாது. இஸ்திரிப் பெட்டியை அவள் துணிமேல் இழுத்துத் தேய்ப்பதில்லை. தூக்கி வைப்பாள், உள்ளங்கையால் அழுத்துவாள், எட்டு எண்ணுவாள், தூக்குவாள், அடுத்த இடத்தில் வைப்பாள். அந்த எட்டுக்குள் வாசலில் யாராவது வந்து “அக்கா” என்று ஆரம்பித்தால் அன்றைக்கு அவர்கள் பாடு அவ்வளவுதான். “எண்ணிக்கிட்டிருக்கேன்ல? இழுத்துத் தேச்சா யானை நகந்துபோகும், பத்து எண்ணுனா பசை வெந்துபோகும். நீயா வந்து ஒட்டுவ?” வந்தது அளவு ரவிக்கை கொடுக்க வந்த வக்கீலம்மாவாக இருந்தாலும் இதே பேச்சுதான். மதீனாவின் கணவர் ராஜா முகம்மது தேங்காய் மண்டியில் வேலை பார்ப்பவர். காலையில் டீ கிளாசுடன் வாசற்படியில் நின்று, அவள் உதடு அசைவது நிற்கும்வரை காத்திருப்பார். டீ ஆறிப்போனால் அதற்கும் அவர்தான் வசவு வாங்குவார்.

உத்தமபாளையத்தில் கோர்ட்டுக்குப் போகிற தெருவில், உரக்கடைக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவே பத்துக்குப் பத்து அறை. உள்ளே இரண்டு மோட்டார் மெஷின்கள், பழைய கம்பளி சுற்றிய ஒரு மேசை, ஒரு இரும்பு பீரோ. ரவிக்கை தைப்பது வயிற்றுப்பாட்டுக்கு. கம்பத்திலிருந்து சின்னமனூர்வரை மதீனாவின் பெயர் தெரிந்திருப்பது குழந்தைப் போர்வைக்காக. இரண்டு பருத்தித் துணிக்கு நடுவே மெல்லிய பஞ்சுத் தகடு வைத்துத் தைத்த போர்வை. மேலே வேறு வேறு துணியில் வெட்டிய யானை, முயல், மீன். ஓரத்தில் நீலப் பட்டையில் வெள்ளை நூலால் நெய்த ஒரு சின்ன லேபிள்: மதீனா, உத்தமபாளையம்.

அந்த யானையைப் போர்வைமேல் உட்கார வைப்பது ஒரு தாள். ஒரு பக்கம் காகிதம், மறுபக்கம் சிலந்தி வலைபோல் படர்ந்த பசை. காகிதத்தில் யானையை வரைந்து, துணியின் பின்பக்கம் வைத்துச் சூடு காட்டி, கோட்டின்மேல் வெட்டி, காகிதத்தை உரித்து, போர்வைமேல் வைத்து மறுபடி சூடு காட்டினால் ஒட்டிக்கொள்ளும். அதற்குப் பிறகு ஓரத்தைச் சுற்றி மெஷினில் நெருக்கமாக ஜிக்ஜாக் ஓட்ட வேண்டும். கடைக்காரர்கள் அதை ஃபியூசிங் என்கிறார்கள். மதீனாவுக்கு அது ஒட்டுத்தாள். “தாளு சும்மா புடிச்சுக்கிடத்தான். நிக்க வைக்கிறது தையல்” என்பாள்.

மதுரையிலிருந்து மாதம் ஒருமுறை வரும் விற்பனையாளர் வினோத்ராஜ், இந்தத் தெருவில் மட்டும் பைக்கை அணைக்காமலே நிறுத்துவாராம். அவர் புது ரகம் கொண்டுவந்தால் மதீனா உள்ளங்கை அளவு வெட்டிக்கொள்வாள். கடைத்துணியில் இருக்கும் கஞ்சி பசையைப் பிடிக்க விடாது என்பதால், முதலில் துவைத்துக் காயவைத்த துண்டை எடுப்பாள். ஒட்டுவாள், எண்ணுவாள், ஆறவிடுவாள், மெஷினில் ஓட்டுவாள். ஊசியில் பசை ஏறித் தையல் விட்டுவிட்டு விழுந்தால், அந்தச் சுருள் நேராகத் தெருவுக்குப் போகும். ஊசி தப்பித்தால் வெந்நீரில் ஊறப்போட்டுக் கசக்கிக் காயவைத்து, கடைசியில் கன்னத்தில் வைத்துப் பார்ப்பாள். “அட்டை மாதிரி கெடக்கு. உங்க வீட்டுப் புள்ளைக்கு அட்டையத்தான் போத்துவீகளா?” வினோத்ராஜ் தெருவில் கிடந்த சுருளைப் பொறுக்கிக்கொண்டு, அடுத்த மாதமும் வருவார். மதீனா ஒரு ரகத்தை ஏற்றுக்கொண்டால் கம்பம் ரோட்டில் இருக்கும் அத்தனை தையல்காரர்களும் அதையே கேட்பார்கள் என்பது அவருக்குத் தெரியும்.

கனமான ரகம் ஒன்று உண்டு. தையலே வேண்டாம், பசை மட்டுமே பிடித்துக்கொள்ளும். பள்ளி ஆண்டுவிழாத் திரைக்கு, சுவரில் மாட்டும் படத்துக்கு அவளே அதை வாங்கியிருக்கிறாள். துவைக்கிற எதற்கும் அதைத் தொடமாட்டாள். குழந்தைக்கென்றால் மெல்லிசுதான். அந்த மெல்லிசிலும், துணியில் வைப்பதற்கு முன்பே யானையின் வயிற்றுப் பகுதியைத் தாளிலிருந்து வெட்டி எடுத்துவிட்டு, விளிம்பைச் சுற்றிக் கால் அங்குலம் மட்டும் விடுவாள். நடுவில் பசை இல்லாவிட்டால் போர்வை விறைக்காது. எத்தனை முறை துவைத்தாலும் குழந்தையின் முழங்காலுக்குக் கீழே மடங்கிக் கொடுக்கும். வெட்டி எடுத்த வயிற்றிலிருந்து ஒரு முயலின் காது கிடைக்கும்.

தாளை மடிக்கக்கூடாது, சுருட்டித்தான் வைக்க வேண்டும். சித்திரை வெயிலில் தகரக் கூரைக்கு அடியில் கிடந்தால் பசை காகிதத்தை விட்டுத் தனியே கழன்றுவிடும். அதனால் பீரோவுக்குள் ஒட்டுத்தாள் இருக்கிறது. மதீனாவின் நல்ல புடவைகள் நாற்காலியில் குவிந்து கிடக்கின்றன.

இன்னொன்று, தாளில் எல்லாவற்றையும் கண்ணாடியில் தெரிவதுபோல் திருப்பி வரைய வேண்டும். இடப்பக்கம் பார்க்கும் யானைக்கு வலப்பக்கம் பார்க்கும் யானை. இத்தனை தெரிந்தவள் ஒருமுறை திலீபன் என்ற பிள்ளையின் பெயரை நேராகவே வரைந்து வெட்டிவிட்டாள். நான்கு எழுத்தும் திரும்பிக்கொண்டு நின்றன. யாரும் பார்க்கவில்லை. அந்த எழுத்துகளைக் கத்தரியால் பொடிப்பொடியாக வெட்டிப் போட்டுவிட்டு, அன்று முழுக்க அவள் சாப்பிடவில்லை. மதீனாவின் கோபத்தில் பாரபட்சம் கிடையாது. தனக்கும் சமபங்கு வைத்துவிடுவாள். ஆனால் கோபத்தில் என்ன சொன்னோம் என்பது மறுநாள் அவளுக்கு நினைவிருக்காது. வாங்கியவர்களுக்கு இருக்கும்.

இந்த வருஷம் ஆனி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை பதினோரு மணி வாக்கில், கடை வாசலில் ஒரு ஆட்டோ வந்து நின்றது. நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு பெண் இறங்கினாள். பின்னால், இடுப்பில் குழந்தையோடு ஒரு இளம்பெண். மதீனா எண்ணிக்கொண்டிருந்தாள். நாலு வரைதான் போயிருப்பாள், ஒரு போர்வை பறந்து வந்து மேசைமேல் விழுந்தது.

“மதீனாங்கிறது யாருடி?”

“நான்தான். யாரு நீ? எம்மேல துணிய எறியிறதுக்கு நீ யாருங்கிறேன்?”

“எறிஞ்சதோட விட்டேனேன்னு சந்தோசப்படு.”

வந்தவள் ராமுத்தாய், கோம்பைக்காரி. கூட வந்தவள் அவள் தம்பி மனைவி யுவராணி. குழந்தைக்கு எட்டு மாதம். பல் முளைக்கிற வயது, கையில் கிடைப்பதை எல்லாம் வாயில் வைத்துச் சப்புகிற வயது. முந்தாநாள் தொட்டிலில் கிடந்து போர்வை நுனியைச் சப்பியிருக்கிறான். யானையின் கண் ஊறிக் கழன்று தொண்டைக்குள் போய்விட்டது.

“மூச்சு நின்னு போச்சுடி! மூஞ்சி நீலம் பாரிச்சுப் போச்சு. பக்கத்து வீட்டு அழகர் தூக்கிக் கவுத்துப்போட்டு முதுகுல தட்டலைன்னா, இன்னிக்கு நாங்க எங்கன நின்னுக்கிட்டிருப்போம் தெரியுமா உனக்கு?” ராமுத்தாய் முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். புளியங்கொட்டை அளவு ஒரு கறுப்புத் துணி வட்டம். அதை மேசைமேல் வைத்தாள்.

மதீனா குழந்தையைப் பார்த்தாள். அவன் அம்மாவின் தோள் வழியாக உரக்கடை வாசலில் நின்ற மாட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“இப்ப எப்படி இருக்கான்?”

யுவராணி அப்போதுதான் முதன்முதலாகப் பேசினாள். “பால் குடிக்கப் பயப்படுறான்க்கா.”

மதீனா போர்வையை எடுத்து விரித்தாள். திருப்பிப் பின்பக்கம் பார்த்தாள். பஞ்சை நிறுத்தும் நேர்த் தையல்கள் இருந்தன. யானை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு தையல்கூட இல்லை. முன்பக்கம் திருப்பி வெளிச்சத்தில் பிடித்தாள். யானையைச் சுற்றி ஜிக்ஜாக் ஓடியிருந்தது. விரலால் தடவினால் நூல் தட்டவில்லை. துணியில் எழுதும் வெள்ளைப் பேனாவால், பல் பல்லாக, அழகாகக் கோடு போட்டிருந்தார்கள்.

மதீனா போர்வையை மேசைமேல் போட்டாள். “இது என் வேலை இல்ல.”

“பேரு உன்னது, வேலை மட்டும் உன்னது இல்லையா?”

ஓரத்து லேபிளைப் பிடித்துப் பார்த்தாள். அதே நீலம், அதே நெசவு. அவள் திருப்பூரில் சொல்லி நெய்து வாங்கியதுதான். வேறு யாரும் செய்துவிட முடியாத லேபிள். எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டாள். தேனியில், அல்லிநகரத்தில், தங்கப்பாண்டியன் கடையில் என்றாள் யுவராணி. அங்கே ஒரு அலமாரி நிறைய இருக்கிறதாம்.

மதீனா இஸ்திரிப் பெட்டியின் வயரைப் பிடுங்கினாள். போர்வையையும் அந்தக் கறுப்பு வட்டத்தையும் பையில் போட்டாள். கடையைச் சாத்திவிட்டு, ராமுத்தாய் இன்னும் திட்டி முடிக்காமல் நிற்கும்போதே பஸ் ஸ்டாண்டை நோக்கி நடந்தாள்.

பஸ்ஸில் இடம் இருந்தும் உட்காரவில்லை. சின்னமனூர், வீரபாண்டி எல்லாம் ஜன்னலில் வந்து போயின. கண்டக்டர் இரண்டு முறை உட்காரச் சொன்னார். மூன்றாம் முறை சொல்லவில்லை.

தங்கப்பாண்டியன் கடை ஏசி போட்ட கடை. வாசலில் பொம்மைக் குதிரை. உள்ளே, சொன்னதுபோலவே, ஒரு அலமாரி முழுக்க யானைப் போர்வை. ஒவ்வொன்றின் ஓரத்திலும் அவள் பெயர். மேலே ஒரு அட்டையில், ‘புகழ்பெற்ற உத்தமபாளையம் மதீனா கைவேலை’ என்று அச்சடித்து மாட்டியிருந்தார்கள்.

“வாங்க மேடம், என்ன பாக்குறீங்க? நியூபார்னா, ஆறு மாசமா?” தங்கப்பாண்டியன் சிரித்துக்கொண்டே எழுந்தார்.

“ஒரு டம்ளர் தண்ணி குடுங்க.”

கொடுத்தார்கள். மதீனா ஒரு போர்வையை மேசைமேல் விரித்து யானையின் முகத்தில் தண்ணீரை ஊற்றினாள். கடைப் பெண்கள் பதறினார்கள். அவள் கட்டைவிரலை யானையின் கண்மேல் வைத்து, ஒரு குழந்தையின் ஈறு எப்படி அரைக்குமோ அப்படி அரைத்தாள். கண் கையோடு வந்தது. காதைப் பிடித்து இழுத்தாள். காது வந்தது. தும்பிக்கை கொஞ்சம் அடம்பிடித்துப் பிறகு வந்தது. அடுத்த போர்வையை எடுத்தாள்.

“ஏம்மா, என்ன பண்றீக? யாரும்மா நீங்க?”

“என் பேரை எழுதி மாட்டியிருக்கீகள்ல, அவதான்.”

கடையில் இருந்த எட்டுப் பத்துப் பேரும் திரும்பினார்கள். தங்கப்பாண்டியன் குரலை இறக்கினார். “உள்ள வாங்கம்மா, உக்காந்து பேசுவோம். இன்னிக்கு வரைக்கும் ஒருத்தர்கூடக் குறைன்னு வரலை. அந்தத் தாள் பாக்கெட்லயே போட்டிருக்கும்மா, தைக்க வேணாம்னு. நல்ல கம்பெனி.”

“கொண்டாங்க அந்தப் பாக்கெட்ட.”

கொண்டுவந்தார். பெரிய எழுத்தில் தையல் தேவையில்லை என்றுதான் இருந்தது. கீழே எறும்பு வரிசை மாதிரி இன்னொரு வரி. மதீனா அதைப் பக்கத்தில் நின்ற ஒரு கல்லூரிப் பெண்ணிடம் நீட்டினாள். “நீ படி. சத்தமாப் படி.” அந்தப் பெண் ஒரு கையில் போனைப் பிடித்துப் படமெடுத்தபடியே வாசித்துத் தமிழில் சொன்னாள்: “சுவர் அலங்காரத்துக்கும், அடிக்கடி துவைக்காத பொருள்களுக்கும் மட்டும்.”

“புள்ள போர்வைய வருசத்துக்கு ஒருக்காத்தான் துவைப்பீகளோ?” மதீனா பையிலிருந்து கறுப்பு வட்டத்தை எடுத்து மேசைமேல் வைத்தாள். “கோம்பைல ஒரு புள்ள தொண்டையில இருந்து எடுத்தது. இதையும் அலமாரியில வைங்க. இதுவும் என் கைவேலைன்னு எழுதுங்க!”

குழந்தையோடு நின்ற ஒரு பெண், தான் எடுத்து வைத்திருந்த போர்வையைச் சத்தமில்லாமல் அலமாரியில் திருப்பி வைத்தாள்.

“இதைச் செஞ்சு குடுத்தது யாரு?”

தங்கப்பாண்டியன் உடனே சொல்லிவிட்டார். பழியை இறக்கி வைக்க ஓரிடம் கிடைத்த அவசரம் அவருக்கு. “சின்னமனூர் நாகஜோதி. உங்ககிட்ட வேலை பாத்தவுகதானாமே?”

நாகஜோதி ஐந்து வருஷம் மதீனாவின் இரண்டாவது மெஷினில் உட்கார்ந்தவள். மதீனாவைவிட மூன்று வயது சின்னவள். யானையின் வயிற்றை வெட்டி எடுக்கும் யோசனையே அவளுடையதுதான். இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு சண்டையில் போனாள். என்ன சண்டை என்று கேட்டால் மதீனா, “ஏதோ வேலையில தப்பு. வஞ்சேன், போயிட்டா” என்பாள்.

திரும்பி வரும் வழியில் சின்னமனூரில் இறங்கினாள். வாய்க்கால் ஓரத் தெருவில் நாகஜோதியின் வீடு. கதவு திறந்திருந்தது. தரையில் பாய் விரித்து, வெட்டிய யானைகளை வரிசையாக அடுக்கி, நாகஜோதி ஒவ்வொன்றாகச் சூடு வைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் வெள்ளைப் பேனாக்கள் ஒரு டப்பா நிறைய.

“என் லேபிள எடுத்துட்டு வந்து திருட்டு வேலை பாக்குறியாடி? அஞ்சு வருசம் என் சோத்தத் தின்னவதான நீ?”

நாகஜோதி நிமிர்ந்தாள். பயந்த மாதிரி தெரியவில்லை. இந்தக் கேள்விக்கு இரண்டு வருஷமாகக் காத்திருந்தவள் மாதிரி இருந்தாள்.

“நான் எதையும் எடுக்கல. நீதானக்கா என் மூஞ்சியில விட்டெறிஞ்ச.”

“நானா?”

“குமுளி ஓட்டலுக்குப் போக வேண்டிய போர்வையில ஒண்ணு பசை வெந்துபோச்சுன்னு, அந்த மேனேஜர் நிக்கிறாரு, உன் வீட்டுக்காரரு நிக்கிறாரு, தெருவே நிக்குது. ‘என் பேராலதானடி நீ பொழைக்கிற. இந்தா, என் பேரையும் எடுத்துட்டுப் போ, போயிப் பொழைச்சுக்கோ’ன்னு லேபிள் சுருள அப்படியே மூஞ்சியில எறிஞ்ச. இங்கன பட்டுச்சு.” அவள் புருவத்தைத் தொட்டுக் காட்டினாள். “எடுத்துட்டு வந்தேன். பொழைச்சேன்.”

மதீனாவுக்கு நினைவில்லை. எத்தனை யோசித்தாலும் வரவில்லை. ஆனால் அந்த வார்த்தைகள் தன்னுடையவைதான் என்பதில் அவளுக்குச் சந்தேகமும் வரவில்லை. அந்த அடுக்கும் அந்த வேகமும் வேறு யாருக்கும் கிடையாது.

மதீனா பையிலிருந்த போர்வையை எடுத்துப் பாயில் போட்டாள். “இதோட கண்ணு ஒரு புள்ள தொண்டையில அடைச்சுக்கிருச்சு.”

நாகஜோதியின் கை அப்படியே நின்றது. “எந்தப் புள்ள?”

“கோம்பையில. எட்டு மாசம். பொழைச்சுக்கிட்டான்.”

“கடைக்காரரு வாரத்துக்கு இருவது கேட்டாகக்கா. தாளும் அவுகதான் குடுத்தாக. தைக்க வேணாம், கோடு மட்டும் போடு, யாருக்குத் தெரியப் போகுதுன்னு அவுகதான் சொன்னாக.”

“அவுகளுக்குத் தெரியாது. உனக்குத் தெரியாதா?” மதீனாவின் குரல் உடைந்து மேலே போனது. “உனக்குத் தெரியாதாடி நாகஜோதி?”

“தெரியும்” என்றாள் நாகஜோதி.

மதீனாவின் கை ஓங்கியது. நாகஜோதி விலகவில்லை, கண்ணை மூடிக்கொள்ளவும் இல்லை. இஸ்திரிப் பெட்டிக்கு அடியில் ஒரு யானை கருகத் தொடங்கியிருந்தது. பசை தீயும் நாற்றம் இருவருக்கும் வந்தது. ஓங்கிய கை கீழே போய்ச் சுவரில் இருந்த பிளக்கைப் பிடுங்கியது. மதீனா வெளியே வந்தாள்.

அன்று சாயங்காலம் போனில் குரல் பதிவு ஒன்று செய்து, தனக்குத் தெரிந்த அத்தனை பேருக்கும் அனுப்பினாள். “மதீனா பேரு போட்ட யானைப் போர்வைய அல்லிநகரத்துல வாங்குனவுக யாரா இருந்தாலும் புள்ளைகிட்ட குடுக்காதீக. கண்ணு கழண்டு வரும். உத்தமபாளையத்துக்குக் கொண்டாங்க, இல்ல சொல்லி அனுப்புங்க, நானே வந்து வாங்கிக்கிடுறேன்.” பக்கத்தில் நின்ற ராஜா முகம்மது பொறுக்கமாட்டாமல் கேட்டார்: “நீ செஞ்சது இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லேன்.”

“சொன்னா, அப்ப யாரு செஞ்சதுன்னு கேப்பாக. அதுல ஒரு நாள் போகும், ரெண்டு நாள் போகும். அதுக்குள்ள புள்ளைக சப்பிக்கிட்டிருக்கும்ல?” என்று அவர்மேல் பாய்ந்தாள். பிறகு தணிந்த குரலில், “லேபிள எறிஞ்சது நான்தானாம். நீங்களும் நின்னீகளாமே. எனக்கு ஏன் சொல்லலை?” என்றாள். சொல்லியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்பது இருவருக்கும் தெரியும்.

கல்லூரிப் பெண் எடுத்த வீடியோ மறுநாளே கம்பம் தாண்டிப் போனது. தங்கப்பாண்டியன் அலமாரியைக் காலி செய்து, மிச்சமிருந்த போர்வைகளை மூட்டை கட்டி அனுப்பினார். கூடவே, பில்லில் இருந்த போன் நம்பர்களும் வந்தன. அதோடு, கேட்டவர்களிடமெல்லாம் “மதீனா பேரை நம்பி வாங்கி வச்சேன், என்னையும் ஏமாத்திட்டாக” என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். அதைக் கேட்ட அன்று மதீனா இரண்டு ஊசிகளை ஒடித்தாள். மறுபடி தேனிக்குப் போகலாம் என்று கிளம்பி, வாசல்வரை போய்த் திரும்பினாள். விற்றவை அறுபத்தொன்று. முதல் வாரத்தில் வந்தவை பன்னிரண்டு. போய்ச் சண்டை போட நேரம் இல்லை.

வந்த ஒவ்வொன்றிலும் பழைய யானையைச் சூடு காட்டி உரித்தாள். பசை படிந்த இடம் தெரியாமல் இருக்க, அதைவிடப் பெரிய யானையை மெல்லிசுத் தாளில் வரைந்து, வயிற்றை வெட்டி எடுத்து, ஒட்டி, சுற்றிலும் தைத்தாள். கண்ணுக்குத் துணியே கிடையாது. நேராக நூலால் தைத்துவிட்டாள். மிச்சப் பசை ஊசியில் ஏறிக்கொண்டே இருந்தது. ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை ஊசியைத் துடைத்தாள், வைதாள், மறுபடி ஓட்டினாள். யுவராணியின் குழந்தைக்குப் புதிதாக ஒரு போர்வை தைத்துக் கோம்பைக்கு அனுப்பினாள். அது பிரிக்கப்படாமலே, அதே ஆட்டோவில் திரும்பி வந்தது. “இனிமே உங்க போர்வையே வேணாம்னுட்டாக” என்றார் ஆட்டோக்காரர். மதீனா அவரைப் பிடித்து வைதாள். அவர் போனபிறகு, “அவுக சொல்றது சரிதான்” என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள்.

ஐந்தாம் நாள் காலையில் நாகஜோதி வந்தாள். யாரும் கூப்பிடவில்லை. செருப்பை வெளியே விட்டுவிட்டு, இரண்டாவது மெஷினின் உறையை எடுத்து, ஊசியைக் கழற்றிப் புது ஊசி போட்டு உட்கார்ந்தாள். மதீனா நிமிர்ந்து பார்த்தாள். மேசையில் இருந்த குவியலில் பாதியை அள்ளி அவள் பக்கம் தள்ளினாள். அன்று முழுக்க இருவரும் பேசிக்கொண்டது ஒரே ஒரு வார்த்தைதான், “நூலு.” அவள் வந்த மூன்றாம் நாள், தும்பிக்கை வளைவில் ஜிக்ஜாக் கோணலாகப் போனதற்கு மதீனா வையத் தொடங்கினாள். நாகஜோதியும் திருப்பி வைதாள். டீ கொண்டுவந்த ராஜா முகம்மது அதைக் கேட்டுக்கொண்டே வாசலில் நின்றார்.

போன வாரம்வரை நாற்பத்துமூன்று வந்திருந்தன. இந்தக் கதையைக் கேட்கப் போய் நான் அங்கே உட்கார்ந்திருந்தபோது நாற்பத்துநான்காவது வந்தது. தேவாரத்திலிருந்து ஒருவர், பலவேசம் என்று பெயர், வாழைத்தார் சுமக்கிற தோள், கையில் ஒரு மஞ்சள் பை. கத்தவில்லை. கத்தாமல் இருப்பதற்கு அவர் மிகவும் சிரமப்படுவது தெரிந்தது.

“இதச் செஞ்சது யாரு?” என்றார். “யானையோட கண்ண எம் பொண்ணு வாய்க்குள்ள விரலை விட்டு எடுத்தேன். எனக்குப் போர்வை வேணாம், ஒண்ணும் வேணாம். செஞ்ச ஆளோட மூஞ்சிய மட்டும் பாத்துட்டுப் போகணும்.”

நாகஜோதியின் மெஷின் நின்றது. காலைப் பெடலிலிருந்து எடுத்து, மெஷினின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்தாள். வாய் திறந்தது.

மதீனா கத்தரியைக் கீழே வைத்தாள். நாகஜோதியின் தோளில் கை வைத்து, ஒரு அழுத்து அழுத்தி, நாற்காலியில் திரும்ப உட்கார வைத்தாள். முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு வெளியே படிக்கு வந்து, அவர் கையிலிருந்த பையை இரண்டு கையாலும் வாங்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டாள். பிறகு, அவர் முகத்துக்கு நேராகத் தன் முகத்தை நிமிர்த்தினாள்.

“இந்த மூஞ்சிதான். வாய்க்கு வந்தபடி வைங்க” என்றாள்.